மஞ்சள் ஃபில்டர்

டெல்பர்ட் ஸ்டோல்ட்ஸ் "வண்டிய வித்துடு" என்று சொன்னபோதுதான் நடீனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அதற்கு முன்பு டொலிடோ நகரத்து டாக்டர்கள் அவளுடைய கணவர் டெல்பர்ட்டின் நெஞ்சைப் பிளந்து, காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயை இதயத்தில் ஒட்டுப்போட்டு, எலும்பைக் கம்பியால் கட்டித் தைத்திருந்தார்கள். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். கோழியைப் பிளக்கிறதும் கட்டுகிறதும் தனக்குப் புதிதல்ல என்று டாக்டரிடமே சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. நடீன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தான் சொன்ன ஜோக்குக்குத் தானே அழுதாள்.

வண்டி விஷயம் அப்படியில்லை. அந்தப் பழைய பிக்கப்பை டெல்பர்ட் வேறு எவரையும் தொட விட்டதில்லை. ஆயில் மாற்றித் தருகிற கடைகளில் விட்டால் ஆயில் வடிக்கிற போல்ட்டின் புரியைக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவருக்கு வேதவாக்கு. வசந்தத்தில் ஒரு தடவை, சோளம் அறுவடையாகிற அக்டோபரில் ஒரு தடவை, வீட்டு வாசலில் அட்டையை விரித்து மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார். இந்த அக்டோபரில் அப்படி நுழைந்தவர்தான் தானாக வெளியே வரவில்லை. போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து அழுத்தினார், நெஞ்சு பதில் சொல்லிவிட்டது. வெளியே நீட்டியிருந்த பூட்ஸ் இரண்டும் ரொம்ப நேரமாக அசையாமல் கிடக்கிறதே என்று பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் பக்கத்து வீட்டு ஓரின் ஃபாக்லர்.

ஓரினுக்கும் டெல்பர்ட்டுக்கும் இரண்டு கோடைகாலமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் பெண்ணோ மண்ணோ இல்லை, ஆயில் ஃபில்டர். டெல்பர்ட் நீல ஃபில்டர் கட்சி. ஓரின் மஞ்சள் ஃபில்டர் கட்சி. ஒருநாள் டெல்பர்ட் ஒரு மஞ்சள் ஃபில்டரை இரும்பு ரம்பத்தால் இரண்டாக அறுத்து, குடலை உருவிக் காட்டுகிற மாதிரி உள்ளேயிருந்த காகித மடிப்பை இழுத்து, "பாருய்யா, வெறும் அட்டை. இன்ஜினுக்கு அட்டையத் தின்னக் குடுக்கிறே" என்று வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அதே கம்பத்தில் ஒரு நீல ஃபில்டர் அறுபட்டுக் கிடந்தது. இரண்டும் இன்னும் அங்கேயே துருப்பிடித்துக்கொண்டிருந்தன. நடீன் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு தலைகளுக்கும் காலை வணக்கம் சொல்வாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வந்து, வீட்டுக்குப் போனபின் என்னென்ன செய்யக்கூடாது என்று டெல்பர்ட்டுக்குப் பாடம் எடுத்தாள். இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும்படி இதய வடிவத்தில் ஒரு சிவப்புத் தலையணையும் கொடுத்தாள். கடையில் விற்கிற ஒரு கேலன் பால் கேனுக்கு மேல் எடையுள்ள எதையும் தூக்கக்கூடாது என்றாள்.

"ஆயில் கேன்?" என்று கேட்டார் டெல்பர்ட்.

நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள். அவளுடைய அப்பாவும் வாசலில் படுத்து ஆயில் மாற்றுகிற ஆசாமிதான் போலிருக்கிறது. "அது பாலை விடக் கொஞ்சம் கூடதான் இருக்கும். இப்போதைக்கு வேணாம் சார். வண்டிக்கடியில படுக்கறதெல்லாம் மறந்துடுங்க."

டெல்பர்ட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வண்டிய வித்துடு" என்று சொன்னது அப்போதுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் நடீன் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். காலியான பாத்திரத்தைக் கழுவப் போடச் சொல்கிற மாதிரி சொன்னார். அதற்குப் பிறகு டெலிவிஷனில் பந்தாட்டம் ஓடியது, அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பிடித்த பூசணிக்காய் இனிப்பைக் கொண்டுவந்தாள், ஒரு கரண்டியோடு நிறுத்திவிட்டார். இதயத்தைச் சரிபண்ணிவிட்டார்கள், ஆனால் உள்ளேயிருந்த ஆசாமி இடத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை நடீன் ஒரு முடிவுக்கு வந்தாள். அவரைத் தன்னுடைய சின்னக் காரில் அழைத்துவரப் போவதில்லை. பிக்கப்பில்தான், அதுவும் ஆயில் மாற்றிய பிக்கப்பில். விற்காதே என்று வாயால் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் புது ஆயில் ஊற்றின வண்டியை அடுத்தவனுக்குக் கொடுக்க டெல்பர்ட்டுக்கு மனசு வராது. இதுதான் அவளுடைய தர்க்கம். சமையல் எண்ணெயைத் தவிர வேறு எண்ணெயை அவள் வாழ்நாளில் மாற்றியதில்லை என்பது அந்தத் தர்க்கத்தில் சேரவில்லை.

டெல்பர்ட் வாங்கி வைத்திருந்த ஆயிலும் ஃபில்டரும் வீட்டில் இல்லை. அவசரத்தில் பின்னோக்கி வந்த ஆம்புலன்ஸ் இரண்டின் மேலும் ஏறிவிட்டது. நீல ஃபில்டர் தட்டையாகிப் போயிற்று. கேனும் வெடித்துவிட்டது. அவற்றைக் குப்பையில் போட்டபோது லேபிளைப் படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பிக்கப்பிலேயே போய் இறங்கிய உதிரிபாகக் கடையில் ஆயில் அலமாரி ஒரு சுவர் முழுக்க நின்றது. தங்க மூடி, சிவப்பு மூடி, கருப்புக் கேன், வெள்ளிக் கேன். சாதா ஆயில், செயற்கை ஆயில், பாதிக்குப் பாதி கலந்தது, வயதான வண்டிக்கென்றே தயாரித்தது. சமையல் எண்ணெயில் இத்தனை வகை வைத்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பட்டினிதான் கிடந்திருப்பார்கள். நடீன் ஒரு கேனை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். அவளுடைய திண்டாட்டத்தைப் பார்த்து கவுன்ட்டரிலிருந்து டனெட் என்ற பெண் கூப்பிட்டாள்.

"என்ன வண்டிக்கு கண்ணு?"

வண்டியின் பெயரும் வருஷமும் நடீனுக்குத் தெரிந்தன.

"ஆறு சிலிண்டரா, எட்டா?"

"நிறம் கேட்டா சொல்லுவேன்" என்றாள் நடீன். "மெரூன்."

டனெட் வெளியே போய் இன்ஜினைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். நடீன் போய் பானெட்டைத் தூக்கினாள். அவள் செய்த பெரிய தப்பு அதுதான். அந்த ஊரில் தேவாலய மணி அடித்தால்கூட மெதுவாகத்தான் வருவார்கள். பானெட்டைத் திறந்தால் போதும், ஆண்கள் எங்கிருந்தோ முளைத்துவிடுவார்கள். தொப்பி போட்ட ஒருவர் வந்து எட்டு என்றார். தாடி வைத்த இன்னொருவர் அதை ஆமோதித்தார். அதோடு இருவருக்கும் ஒற்றுமை முடிந்தது. பழைய இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில்தான் ஊற்ற வேண்டும், இடைவெளியெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்றார் தொப்பி. கெட்டி ஆயிலை ஊற்றினால் குளிர்காலத்தில் மாப்பசையை உறிஞ்சுகிற கதைதான் என்றார் தாடி. சாதா ஆயிலில் ஓடிய வண்டிக்கு செயற்கை ஆயில் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒழுகும் என்று ஒருவர் சொல்ல, அது உங்கள் தாத்தா காலத்துக் கதை என்று மற்றவர் சொல்ல, இருவரும் நடீனையும் வண்டியையும் மறந்தே போனார்கள்.

நடுவில் நடீனின் கண் ஆயில் ஊற்றுகிற வாயின் மூடி மேல் விழுந்தது. அதில் ஊற்ற வேண்டிய ஆயிலின் ரகமே 5W-20 என்று பொறித்திருந்தது. இரண்டு மேதைகளும் அதன் மேல்தான் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"கைய எடுங்க, ப்ளீஸ்" என்றாள். படித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூடியில் இருந்ததையே கேட்டாள். வண்டி வயதானதுதானே என்று வயதான வண்டிக்கான கேனை எடுத்தாள். அதன் லேபிளைப் படித்தபோது தனக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது: கசிவைக் குறைக்கும், தேய்மானத்தைத் தடுக்கும், சத்தத்தை அடக்கும்.

"ஃபில்டர் நீலம்தான் வேணும்" என்றாள்.

டனெட் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். "நீலம் திங்கட்கிழமைதான் வரும் கண்ணு. இப்ப இந்த இன்ஜினுக்குப் பொருந்தறது மஞ்சள் மட்டும்தான் இருக்கு. நல்லா ஓடும், நிறைய பேர் வாங்குறாங்க."

நடீன் அந்த மஞ்சள் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தேவாலயத்தை மாற்றச் சொன்னால்கூட டெல்பர்ட் யோசித்துப் பார்ப்பார். ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை. வண்டிக்கடியில் குனிந்து பார்க்க அவருக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை என்பதை நினைத்துக்கொண்டாள். வாங்கிவிட்டாள்.

மதியம் வாசலில் அதே அட்டையை விரித்தாள். மல்லாந்து நகர்ந்து அடியில் போனபோது, போல்ட்டின் தலையில் ஸ்பேனர் வழுக்கிய புதுக் கீறல் பளபளத்தது. அவர் நிறுத்திய இடம். நடீன் அதன் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். பிறகு, "சரி, நகரு டெல்" என்று ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஸ்பேனரை மாட்டினாள்.

போல்ட் திறந்தது. ஆயில் கறுப்பாக இறங்கியது, பாதி தட்டில், பாதி அவளுடைய கைமுட்டி வழியாகச் சட்டைக்குள். பழைய நீல ஃபில்டர் நகர மறுத்தது. ஊறுகாய் ஜாடி திறக்கிற ரப்பர் பட்டையைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்து திருகினாள், வந்துவிட்டது. புது மஞ்சள் ஃபில்டரின் ரப்பர் வளையத்தில், கேக் தட்டுக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி ஆயிலைத் தடவி மாட்டினாள். போல்ட்டைப் பூட்டி, புது ஆயிலை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். தன்னைப் பற்றி அவளுக்கே ஒரு மரியாதை வந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

கீழே யாரோ வாளியைக் கவிழ்த்த மாதிரி சத்தம் கேட்டது. அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தாள். தேன் நிறத்தில் புத்தம்புது ஆயில் வாசல் முழுக்கப் பரவி, சரிவில் இறங்கி, ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் ஃபில்டரின் விளிம்பிலிருந்து இன்னும் சொட்டியது.

டெல்பர்ட் சொன்னது சரிதான் என்று நடீனுக்குத் தோன்றியது. அட்டை. அவருடைய இன்ஜினைக் கொன்றுவிட்டாள். இனி விற்பதற்குக்கூட வண்டி இல்லை. ஆயில் சொட்டச் சொட்ட வேலியைச் சுற்றிப் போய் ஓரினின் கதவைத் தட்டினாள்.

"உங்க மஞ்சள் ஃபில்டர வந்து பாருங்க" என்றாள்.

ஓரின் அவளை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலிக்கு ஒரு முனகலைக் கொடுத்துவிட்டு வந்தார். வண்டிக்கடியில் தலையை நீட்டினார். எத்தனை நேரம் இன்ஜின் ஓடியது என்று கேட்டார். கிளப்பியதும் அணைத்தேன் என்றாள். அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை என்றார். ஃபில்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள். அவர் டார்ச் அடித்த இடத்தில், இன்ஜின் பக்கத்தில், ஒரு பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வளையத்து மேல இன்னொண்ண போட்டா நிக்காதும்மா. பழசு கூடவே வந்துச்சான்னு பார்க்கணும். வாசல்ல ஆயில் மாத்தற எல்லாருக்கும் ஒரு தடவை இது நடக்கும்."

நடீன் நகத்தால் அதை உரித்தெடுத்தாள். "அப்ப இது மஞ்சளோடது இல்ல."

"இல்ல." ஓரின் ரொம்பக் கஷ்டப்பட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "நீலத்தோடது. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் வீட்டுக்குப் போய், பூனைகள் கழிப்பதற்கென்று கடையில் விற்கிற மணல் மூட்டைகளைத் தூக்கிவந்து வாசலில் கொட்டினார். ஆயிலை அதுதான் உறிஞ்சும். அவருடைய பூனை செத்து வருஷக்கணக்காகிறது, மணல் மட்டும் இதற்காகவே வாங்குவாராம். பிறகு ஒரு புது ஆயில் கேன். அதே 5W-20. தள்ளுபடியில் கிடைத்தபோது வாங்கிக் குவித்ததில் ஒன்று. அதை நடீனிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே மாட்டிடுங்களேன் ஓரின்."

"மாட்டேன். என் கை பட்டா அவனுக்குத் தெரிஞ்சுடும். நீ செய், நான் டார்ச் பிடிக்கிறேன்."

இந்தத் தடவை சொட்டவில்லை. ஆயில் பார்க்கிற குச்சியில் அளவு சரியாக நின்றது. நடீன் நன்றி சொல்ல வாயெடுத்தாள். ஆம்புலன்ஸ் நாளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஓரின் அதற்குள் கையை ஆட்டிக்கொண்டே வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் பிக்கப்பைப் பார்த்ததும் டெல்பர்ட் எதுவும் கேட்கவில்லை. சமையலறை முக்காலியைப் படியாகப் போட்டு, நர்ஸும் நடீனும் தாங்கி ஏற்றினார்கள். சிவப்புத் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நகரம் தாண்டியது. இருபுறமும் அறுவடை முடிந்த சோளக்காடு, தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு ஒரு இயந்திரம். நடீன் தன்னிடமிருந்த ஜோக்குகளை எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்தாள். தன் தர்க்கம் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது.

வெகுநேரம் கழித்து அவர் தலையைச் சாய்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் மாத்தியிருக்கு" என்றார்.

"ஆமா."

"யாரு?"

"நான்தான்."

ஒரு முழு வயல் கடந்து போனது.

"மூடியில போட்டிருக்கறத ஊத்தினியா?"

"அதத்தான் ஊத்தினேன்."

"ஃபில்டர்?"

நீலம் என்று சொல்ல இரவெல்லாம் பழகி வைத்திருந்தாள். ஆனால் எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் இவை. பொய் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுமே என்று இருந்தது.

"மஞ்சள்" என்றாள்.

டெல்பர்ட்டின் கழுத்துக்குக் கீழேயிருந்து ஒரு சிவப்பு ஏறியது. ஆஸ்பத்திரிப் போர்வை நிறத்திலிருந்த முகம் மெதுவாக மனிதர் முகமாயிற்று.

"மஞ்சளா" என்றார். "என் வண்டியில. நான் படுத்துக் கிடக்கும்போது. அறுத்துக் காட்டினேனே நடீன், உன் கண்ணாலதானே பார்த்தே, உள்ள அட்டைன்னு."

நீலம் கடையில் இல்லை என்றாள். இல்லாவிட்டால் என்ன, காத்திருக்கக்கூடாதா, டிஃபயன்ஸ் ஊரில் ஒரு கடை இருக்கிறது, பிரையன் ஊரில் ஒன்று இருக்கிறது, போன் பண்ணினால் தெரிந்துவிடும் என்றார். வடிகாகிதத்தின் மடிப்பு எத்தனை இருக்க வேண்டும், அதைத் தாங்குகிற மூடி இரும்பாக இருக்க வேண்டுமா அட்டையாக இருக்கலாமா என்று தொடங்கினார். வழியெல்லாம் பேசினார். மூச்சு வாங்கியது, தலையணையை அணைத்து இருமினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நடீன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோடு கலங்கித் தெரிவதற்கு வெயிலைக் குறை சொன்னாள்.

"அடுத்த தடவை நான் கூட வர்றேன். நானே பார்த்து எடுக்கிறேன். நீ தூக்கிட்டு மட்டும் வா."

"அடுத்த தடவையா? வண்டிய விக்கணும்னியே."

"மஞ்சள் ஃபில்டர் போட்ட வண்டிய எந்த மனுஷன் வாங்குவான்?" என்றார் டெல்பர்ட்.

வீட்டு வாசலில் ஓரின் துடைப்பத்தோடு நின்று பூனை மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். வண்டி வருவதைப் பார்த்ததும் நழுவப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. டெல்பர்ட் கண்ணாடியை இறக்கி, மணலையும் அதற்கடியில் தெரிந்த கறையையும் பார்த்தார்.

"ஒழுகிச்சா?" வெற்றி அவர் குரலிலேயே இருந்தது. "நான் சொல்லல?"

நடீன் சட்டைப்பையிலிருந்து பழைய ரப்பர் வளையத்தை எடுத்து அவர் மடியில், தலையணை மேல் வைத்தாள். "இதனாலதான். பழசு ஒட்டிக்கிட்டு நின்னுது. உன் நீலத்தோடது, டெல்."

டெல்பர்ட் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரின் துடைப்பத்தின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் ஓரின்."

"என்ன?"

"ஆம்புலன்ஸக் கூப்பிட்டது நீதானாமே."

"பூட்ஸு அசையாம கெடந்துது. பார்க்க நல்லால்ல."

"அதுக்கு நன்றி." டெல்பர்ட் தொண்டையைக் கனைத்தார், அது வலித்தது, தலையணையை அழுத்திக்கொண்டார். "உயிருக்குத்தான் நன்றி. ஃபில்டருக்குச் சொல்ல மாட்டேன். அது அட்டைதான்."

"வளையமே ஒழுங்கா கழண்டு வராத ஃபில்டர் வெச்சிருக்கவன் பேசறான்" என்றார் ஓரின்.

டெல்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் எலும்பு விண்ணென்றது. சிவப்பு இதயத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். நிறுத்த முடிந்ததும் நடீனைப் பார்த்தார்.

"இவன் கழற்றி வெச்ச நீலம் எங்க? தூக்கிப் போட்டியா? எடுத்துட்டு வா, இரும்பு ரம்பத்தையும் எடுத்துட்டு வா. உள்ள என்ன இருக்குன்னு காட்டறேன்."

"கழற்றினது நான். அவர் தொடவே இல்ல" என்றாள் நடீன்.

"டாக்டர் எதையும் தூக்கக்கூடாதுன்னாராமே" என்றார் ஓரின்.

"பால் கேன் வரைக்கும் தூக்கலாம்."

நடீன் முதலில் முக்காலியைப் போட்டு அவரை இறக்கினாள். கராஜுக்குள் போய் ஆணியிலிருந்து ரம்பத்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். பால் கேனை விட நிறையவே குறைச்சலாக இருந்தது.